ஒரு சிகரெட் நேரம்

உப்புத்தாளால் ஷூவின் அடியைத் தேய்த்து, இரண்டு பக்கமும் சொல்யூஷன் பசை பூசியதும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. பை காலி.

முப்பது வருடமாகச் செருப்புக் கடைக்காரருக்கு ஒரே கணக்கு. பசை பூசிவிட்டு வாசலில் ஒரு சிகரெட். அது தீரும்போது பசை விரலில் ஒட்டாத பதத்துக்கு வந்திருக்கும். அதற்கு முன்னால் அழுத்தினால் அடி நிற்காது. சிகரெட்டை விட்டுப் பத்தொன்பது நாள் ஆகிறது; அவசரத்தில் அழுத்திய ஏழு ஜோடிகள் வாயைப் பிளந்துகொண்டு திரும்பிவிட்டன.

"கடிகாரத்தைப் பாத்துச் செய்யுங்களேன்," என்றாள் மனைவி.

"பாக்குறேன். முள்ளு நகர்ந்தாத்தானே!"

"அதுக்கு என் மேல ஏன் எரிஞ்சு விழுறீங்க?"

அதற்குள் அழுத்தியிருந்தார். அடி மறுபடி கையோடு வந்தது. பழைய பசையைச் சுரண்டிவிட்டு, ஜோடியையும் பசை டப்பாவையும் சுத்தியலையும் பையில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பினார். ஷூவின் சொந்தக்காரரும் அங்கேதான் வருவார்.

மருத்துவமனையின் மாடி அறையில், புகைப்பழக்கத்தைக் கைவிட முயல்பவர்கள் வாரம் ஒருமுறை வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். ஷூவுக்குச் சொந்தக்காரரான ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பிரேக் பிடிக்காத வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்திய கதையை வாராவாரம் ஒரு சொல் மாறாமல் சொல்வார். கேட்டுக் கேட்டுக் கடைக்காரருக்குக் காது புளித்திருந்தது.

"தம்பி, நான் நடந்தா ஷூ கைதட்டுச்சுப்பா!" என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிங்க. இன்னொரு ஜோடி திரும்பி வந்துச்சுன்னா நான் சிகரெட்டப் பத்த வெச்சுடுவேன். அவ்வளவுதான்." பையிலிருந்து ஷூவை எடுத்து, வெறுப்போடு பசை பூசத் தொடங்கினார்.

"பூசினதும் கீழ வெச்சுடணும்," என்றார் கூட்டத்தை நடத்தும் நர்ஸ், ஜன்னலைத் திறந்தபடி. "ஒருத்தர் பேசி முடிக்கிறவரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது. டிரைவர் அண்ணே, நீங்க ஆரம்பிங்க."

கதையில் பஸ் கிளம்பியது. கடைக்காரர் பல்லைக் கடித்தார். பிரேக் போயிற்று, விரல்கள் துறுதுறுத்தன. நர்ஸ் முறைத்தார். பயணிகள் அலறினார்கள், மேடு வந்தது, ஒருவழியாக வண்டி நின்றது.

தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டவில்லை. சரியாக ஒரு சிகரெட் நேரம்! முழு பலத்தோடு அழுத்தி, சுத்தியலால் சுற்றிலும் தட்டினார். இழுத்துப் பார்த்தார். அடி அசையவில்லை.

"அண்ணே," என்றார், இரண்டாவது ஷூவில் பசை பூசிக்கொண்டே, "அந்தக் கதைய இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஐயோ!" என்றது வட்டம். டிரைவர் முகம் மலர்ந்து மறுபடி வண்டியைக் கிளப்பினார்.

வண்டி இரண்டாம் முறை மேட்டில் நின்றபோது, கடைக்காரர் இரண்டாவது அடியையும் அழுத்தித் தட்டி, ஜோடியைத் துணியால் துடைத்து டிரைவர் கையில் கொடுத்தார்.