புகையிலை வறை

மாத்தறையில் அப்பாவின் சுருட்டுக்கடையில் வளர்ந்தவள் நான். காய்ந்த புகையிலையின் மணம் நன்றாகத் தெரியும். பச்சைச் செடியைத்தான் கண்டதில்லை.

கல்யாணம் முடித்துப் புளியங்கூடலுக்கு வந்த புதிதில், கிணற்றடியில் இளந்தளிர்கள் குவிந்து கிடந்தன. மற்ற இலைகள் தடிக்கட்டும் என்று கணவர் தன் தோட்டத்துச் செடிகளில் ஒடித்தெறிந்த புகையிலைத் தளிர்கள் அவை. நானோ, நல்ல கீரை வீணாகிறதே என்று அரிந்து, தேங்காய்ப்பூப் போட்டுச் சட்டியில் வறுத்து வறை செய்தேன். உப்புப் பார்க்கச் சிறிது வாயில் வைத்தேன், கைத்தது. கொஞ்ச நேரத்தில் வியர்த்து, தலை சுற்றிச் சத்தி எடுத்தேன்.

சாப்பிட வந்த கணவருக்கு, நான் சத்தி எடுப்பதைக் கண்டதும் முகமெல்லாம் பூரிப்பு.

"நீர் எழும்பாதையும், நானே போட்டுச் சாப்பிடுறன். அம்மாவுக்கு இப்பவே சொல்லட்டோ?"

சோற்றோடு வறையைக் குழைத்தவர், மற்றக் கையால் என் கையை ஆசையாகப் பிடித்தார். ஒட்டியது. உடனே அதை மோந்து பார்த்தார்.

"இதென்ன பிசின்? புகையிலையையோ அரிஞ்சனீர்?"

"கீரையெண்டு நினைச்சனான்."

கோழி கொத்தாதபடி எல்லாவற்றையும் புதைத்துவிட்டு, அயல்வீட்டுக் காரில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினார். தப்பினேன்.

அதற்குப் பிறகு, தெரியாத இலை எதையும் கேளாமல் சட்டியில் போடுவதில்லை. குசினியோரம் ஒரு புகையிலைக் கன்று வளர்க்கிறேன். மாத்தறையிலிருந்து வரும் தங்கைமாரை அதைத் தொட்டு, அந்தப் பிசினை மோந்து பார்க்கச் சொல்வேன்.

அடுத்த வருடம் எனக்கு உண்மையாகவே மசக்கைத் தலைச்சுற்று வந்தது. கணவர் பதறி ஓடிவந்தார். என்னிடம் அல்ல, நேரே குசினிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தார்.