மதுராந்தகத்துல எங்க?

ஸ்வீடனில் நான் இருக்கும் கோதன்பர்க் நகரத்தில் துணி துவைப்பதற்குக்கூட முறை உண்டு. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு பொது அறை. பலகையில் பெயர் எழுதிவிட்டு நம் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். நாலு வருடம் என்னோடு வாழ்ந்த யோஹான் பிரிந்து போகும்போது, "நண்பர்களாக இருப்போம்" என்றான். திரும்பி வருவான் என்று அர்த்தம் செய்துகொண்டு, அவன் விட்டுப்போன சட்டைகளை இரண்டு முறை துவைத்துத் தேய்த்து வைத்தேன். ஒருநாள் இன்னொருத்தியோடு வந்து அவற்றை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னான். அந்த ஊரில் அது மரியாதை.

என் கோலத்தைப் பார்த்து, ஆய்வகத்தில் உடன் வேலை செய்யும் காரின் என் போனில் டேட்டிங் ஆப் ஒன்றை ஏற்றிவிட்டாள். மூன்று வாரம் முகங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். பிறகு, நான் போட்டிருந்த ஊர்ப் பெயரைப் பார்த்து, செல்வம் என்று ஒருவனிடமிருந்து செய்தி வந்தது: "மதுராந்தகமா? இந்தக் குளிர்ல இன்னா பண்ணிகினு கீறீங்க?" படித்ததும் அழுதுவிட்டேன். "ஒரே ஊரா? உங்கள் வீட்டில் சந்தோஷப்படுவார்களே" என்றாள் காரின். ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களுக்குப் புரியும். அவளுக்கு எதையென்று விளக்குவது?

முதல் சந்திப்பிலேயே கேட்டான்: "மதுராந்தகத்துல எங்க?" நம்மவர்கள் யார் கேட்டாலும் டவுன் பெயரோடு நழுவிவிடுவது என் வழக்கம். அன்று ஏனோ கிராமத்தின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

"எங்க வூடும் அங்கதான், கோயில் தெரு" என்றான்.

"நான் காலனி. உங்க நெலத்துல எங்கம்மா நடவு நட்டிருக்கும்."

எழுந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். "காபி ஆறுது, குடி எஸ்தரு" என்றான். அவனுக்கு எப்போது தொடங்கியதோ, எனக்கு அப்போதுதான் தொடங்கியது. இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். அவ்வளவு நிம்மதியாக நான் என்றுமே தூங்கியதில்லை.

போன மாதம் அவன் அப்பாவுக்கு முடியவில்லை என்று போன் வர, இருவரும் கிளம்பினோம். நம் விஷயத்தை வீட்டில் சொல்லிவிடுகிறேன் என்று விமானத்தில் அவனாகவே சொன்னான். செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் என் பெட்டியைக் கீழே வைத்தான். "நீ அடுத்த பஸ்ல வா. இதுல ஊரு ஆளுங்க இருப்பாங்க."

மறுநாள் அவன் அப்பா இறந்துபோனார். காலனிச் சனத்தோடு பந்தலுக்கு வெளியே நின்றேன். கொள்ளிச்சட்டியோடு என்னைத் தாண்டிப் போனான். "அந்தப் புள்ளையும் ஸ்வீடன்லதான் கீதாம். உனுக்குத் தெரியுமா?" என்றாள் என் அம்மா. தெரியாது என்றேன்.

காரியம் முடிந்த மறுநாள் மாமல்லபுரத்துக்கு வரச் சொன்னான். அங்கே நம்மை யாருக்கும் தெரியாதாம். கடற்கரையில் வெள்ளைக்காரர்களுக்கு நடுவே மொட்டைத் தலையோடு உட்கார்ந்து அழுதான். "அம்மா தனியா கீது. இப்ப சொன்னா செத்துப்பூடும்" என்றான். என்னால் அவனை வெறுக்க முடியவில்லை, அதுதான் கொடுமை. பாசிமணி விற்கிற அக்கா ஒருத்தி வந்து எந்த ஊர் என்று கேட்டாள்.

"ஸ்வீடன்" என்றான்.

ஒரு சரத்தை என் கழுத்தில் வைத்துப் பார்த்தபடி, "புருசன் பொண்டாட்டியா?" என்றாள். அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ஊர்ல ஆமாக்கா" என்றேன்.