நான் பெண் என்று சொன்ன எலும்புகள்

எழுபதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டிஸ்பென்சராக இருந்தேன். காய்ச்சலுக்குக் கலவை மருந்து, காயத்துக்குக் கட்டு, பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து, இவ்வளவுதான் என் ராஜ்ஜியம். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த சனங்கள் என்னை "டாக்டர் ஐயா" என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் இரண்டு வருடம் "நான் டாக்டர் இல்லீங்க" என்று திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்கிறேனே, அந்தப் பெயர் எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஒரு நாள் காலை, பழைய தேயிலையைப் பிடுங்கிக்கொண்டிருந்த மலையிலிருந்து ஓர் ஆள் மூச்சு வாங்க ஓடி வந்தார். "ஐயா, மண்ணுக்குள்ள மண்டை ஓடுங்க! கங்காணி ஒங்கள வரச் சொன்னாரு." போட்டது போட்டபடி கிளம்பினேன். நாற்பது பேர் வேலையை நிறுத்திவிட்டு ஒரு குழியைச் சுற்றி நின்றார்கள். உள்ளே ஒரு முழு எலும்புக்கூடு, மல்லாந்து, கைகள் இரண்டும் பக்கத்தில் நீட்டியபடி கிடந்தது. எலும்புகளுக்கிடையே தேயிலை வேர் பின்னிக் கிடந்தது.

"ஆம்பளைங்களா, பொம்பளைங்களா ஐயா?" என்று கேட்டார், வேலையை மேற்பார்க்கும் கங்காணி.

அங்கேதான் நான் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில், வகுப்பறையில் தொங்கிய ஒரே ஓர் எலும்புக்கூட்டைத் தூரத்திலிருந்து பார்த்ததுதான் என் படிப்பு. ஆனால் நாற்பது பேர் என் முகத்தையே பார்க்கிறார்களே! மண்டையோட்டை எடுத்து மண்ணைத் துடைத்தேன். உச்சிக்குச் சற்றுப் பின்னால், ஒரு காதிலிருந்து மறு காதுப் பக்கமாக, விரல் படுக்கும் அளவுக்கு ஒரு பள்ளம். எனக்குப் பளிச்சென்று பட்டது. நம் பெண்கள் பதினாலு வயதிலிருந்து கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டுதானே மலை ஏறுகிறார்கள்?

"இது கூடைக் கயிறு அழுத்துன தடம்" என்றேன். "கொழுந்து எடுத்த பொம்பள. வயசு முப்பதுக்குள்ளதான் இருக்கும்." அதே மண்ணில் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு இரண்டு கிடைத்தது. அதையும் தூக்கிக் காட்டினேன். எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள்!

"ஐயோ, அப்ப அது அவளேதான்!" என்று ஒரு பெண் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

அவள் என்றது, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் எங்கள் கவ்வாத்துக்காரர் ஒருவரின் மனைவியை. ஐந்து வருடத்துக்கு முன்னால் புருஷனோடு சண்டை பிடித்துக்கொண்டு, அப்புத்தளையில் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று கைக்குழந்தையை விட்டுவிட்டுக் கிளம்பியவள் திரும்பவே இல்லை. அம்மா வீட்டார் அந்த வருடமே இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். அவர்களோடு போனாளா இல்லையா, யாருக்கும் தெரியாது. ஐந்து வருடமாக அதை மறந்திருந்த சனங்களுக்கு ஒரே நிமிடத்தில் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. "அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்திச்சு" என்று ஆளுக்கு ஆள் பேசத் தொடங்கினார்கள்.

அந்தக் கவ்வாத்துக்காரரும் மண்வெட்டியோடு அங்கேதான் நின்றார். அப்படியே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதார். "பாத்தீங்களா, மாட்டிக்கிட்டோம்னு அழுவுறான்" என்றார் ஒருவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். நெஞ்சுக்குள் ஒரு பெருமை வேறு. கொலையையே கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா!

மதியம் போலீஸ் வந்து அவரைக் கூட்டிப்போனது. அவருடைய மகளுக்கு அப்போது ஆறு வயது. கொலைகாரன் பிள்ளை என்று பக்கத்து அறைகளில் இருந்த காம்பராக்காரர்கள் யாரும் அவளைச் சேர்க்கவில்லை. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயாதான் வைத்துக்கொண்டார். என் ஜன்னலிலிருந்து பார்த்தால், அந்தப் படியில் அவள் உட்கார்ந்திருப்பது தெரியும். எலும்புகளைப் பார்க்கப்போகும் பதுளைப் பெரியாஸ்பத்திரி டாக்டரும் நான் சொன்னதையே சொல்லிவிட்டால், அப்பன் கொலைக் கேசில் உள்ளே போவான், இவளுக்கு நாதி இல்லை. இது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும், நான் சொன்னது தவறாக இருக்கும் என்று ஒரு சந்தேகம் கூட வரவில்லை.

மூன்றாம் நாள் எலும்புகளை ஒரு தேயிலைப் பெட்டியில் வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். முதலில் எடுத்துப் பரிசோதித்தவன் என்பதால் என்னையும் வரச் சொன்னார்கள். வழியெல்லாம் பக்கத்திலிருந்த சிங்களக் கான்ஸ்டபிளுக்குக் கூடைக் கயிற்றைப் பற்றி விளக்கிக்கொண்டே போனேன். என் தமிழ் அவருக்கு எவ்வளவு விளங்கியதோ, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தார்.

நரைத்த தலையோடு ஒரு பெரிய டாக்டரை எதிர்பார்த்துப் போனேன். இருந்தவர் என்னைவிடப் பத்து வயது குறைந்த ஒரு பெண். யாழ்ப்பாணத்துக்காரர். மேசையில் காகிதத்தை விரித்து, எலும்புகளை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் அடுக்கினார். நான் சும்மா இருப்பேனா? கயிற்றுத் தடம், வளையல், முப்பது வயது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பொறுமையாகக் கேட்டார்.

பிறகு, "உங்கட தலையில கையை வைச்சுப் பாருங்கோ" என்றார். "உச்சிக்குக் கொஞ்சம் பின்னால."

வைத்தேன். ஒரு பள்ளம். என் விரல் அதில் அழகாகப் படுத்துக்கொண்டது.

"நீங்கள் எத்தனை வருசம் கொழுந்து எடுத்தனீங்கள்?" என்று கேட்டார். பின்னால் கான்ஸ்டபிள் குபீரென்று சிரித்தார். அட பாவி மனுஷா, எல்லாத் தமிழும் விளங்கியிருக்கிறது!

"சுமை தூக்கினாலும் வரலாம், சும்மாவும் வரும். அதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது" என்ற டாக்டர், இடுப்பெலும்பை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு வளைவு. தன் பெருவிரலை அதற்குள் வைத்தார். "பொம்பிளையெண்டா இதில விரல் தாராளமா அசையும். இது இறுகுது பாருங்கோ. ஆம்பிளை." கடைவாய்ப் பற்கள் உயிரோடு இருக்கும்போதே விழுந்து, குழிகள் மூடிப்போயிருந்தன. முதுகெலும்பின் ஓரங்களில் முள் முள்ளாக எலும்பு வளர்ந்திருந்தது. ஐம்பது தாண்டிய மனிதர் என்றார். பென்சில் பருமனில் ஒரு வேர், முதுகெலும்பின் துவாரத்தில் நுழைந்து மறுபக்கம் வந்திருந்ததையும் காட்டினார். "அஞ்சு வருசத்து எலும்பில்லை இது. அந்தத் தேயிலையை விடப் பழசு. பொலிஸ் எழுதினபடி பாத்தா, நேராக் கிடத்தி, கையை ஒழுங்கா வைச்சு அடக்கம் செய்திருக்கினம். ஒருத்தரும் ஒளிச்சுப் புதைக்கேல்ல."

"அப்ப வளையல்?" என்று வாயைத் திறந்தேன், உடனே மூடிக்கொண்டேன். தேயிலைக் கிளையில் பட்டு வளையல் உடையாத நாள் உண்டா? எந்த மலையில் மண்ணைக் கிளறினாலும் துண்டு கிடைக்கும். அந்தக் கீறலுக்கெல்லாம் மருந்து போடுகிறவனே நான்தான்! வெட்கத்தில் காது சுட்டது.

"அவர விட்டுருவாங்களா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இண்டைக்கே அறிக்கை குடுக்கிறன், விட்டிடுவினம்" என்றார் கையைக் கழுவிக்கொண்டே. "ஆனா என்ர அறிக்கையை லயத்தில ஆர் வாசிக்கப் போகினம்? அங்க சொன்னது நீங்கள்தானே." கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குப் பால் விடாத ஒரு பிளேன்டீயும் வரவழைத்துக் கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்குப் போனேன். வேலைக்குப் பேர் கொடுக்கத் தோட்டமே அங்கேதான் கூடும். கங்காணியிடம் அனுமதி கேட்டு, ஒரு கல்லின்மேல் ஏறி நின்றேன்.

"நா சொன்னது தப்புங்க. அது வயசான ஆம்பள. இந்தத் தேயிலய நடுறதுக்கு முன்னாடியே செத்து, மொறையா அடக்கமானவரு. யாரும் யாரையும் கொல்லல. நா டாக்டரும் இல்ல, மருந்து குடுக்குறவன்."

பின் வரிசையிலிருந்து ஒரு பெண், "அப்ப அந்தக் கயித்துத் தடம்?" என்று கேட்டார். "எல்லாரும் அவங்கவங்க தலையத் தடவிப் பாருங்க" என்றேன். அத்தனை கைகளும் தலைக்குப் போயின. கங்காணி கூடத் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுத் தடவினார், முகம் ஒரு மாதிரி ஆனது. "அடியே, கங்காணியும் கூடை மாட்டியிருக்காருடி!" என்று யாரோ கத்த, களமே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

அன்று பிற்பகலே கவ்வாத்துக்காரர் விடுதலையாகி என்னிடம் வந்தார், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு. நான் எழுந்து நின்றேன். திட்டட்டும், அடிக்கட்டும், வாங்கிக்கொள்வோம் என்றிருந்தேன்.

"மன்னிச்சிருங்க" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை.

"ஐயா, நெசமாவே அது அவ இல்லீங்களா?"

"இல்லீங்க. சத்தியமா இல்ல."

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். "நீங்க சொன்னதும் நா நம்பிட்டேங்க. டாக்டர் ஐயா சொன்னா சரியாத்தான இருக்கும்? எந்தப் பாவி கொன்னானோ, இங்கனயே கெடந்திருக்காளே, அவ மேலயே நா இத்தன வருசம் நடந்து வேலைக்குப் போயிருக்கேனேன்னு, மூணு நாளா அதேதாங்க..." முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எங்கயோ உசுரோட இருக்கான்னா சரிங்க. வராட்டியும் பரவாயில்ல." பிறகு மகளை என் பக்கம் திருப்பி, "இவளுக்கு இருமலுங்க, பாத்துக் குடுங்க" என்றார். மருந்தை இரண்டு முறை அளந்து சரிபார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பெயர் தெரியாத பெரியவரைத் தோட்டத்து மயானத்தில் மறுபடியும் அடக்கம் செய்தோம். பெட்டியை ஒரு பக்கம் கவ்வாத்துக்காரரும் மறுபக்கம் நானும் பிடித்தோம். அதற்குப் பிறகும் பல வருடம் அந்தத் தோட்டத்தில் மருந்து கொடுத்தேன். தெரியாத நோய் வந்தால், "எனக்குத் தெரியலீங்க, பதுளைக்குப் போங்க" என்று சொல்ல ஒரு நாளும் கூச்சப்பட்டதில்லை. அன்று என் பேச்சைத் தோட்டமே நம்பி ஒரு மனிதனைக் கொலைகாரன் என்றது. அதே பேச்சை நம்பி அவளுக்காக அழுதவர் அந்த ஒரே மனிதர்தான் என்பதை நினைத்தால், இத்தனை வயதிலும் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.