ஜெபமணியின் குரலில் ஒரு குறையும் இல்லை

தப்பு என்னுடையது. நல்ல குரலைக் கெட்டுப்போன குரல் என்று சொல்லி, ஒரு பெண்ணை வாசிக்க விடாமல் செய்தேன். அந்தப் பெண் இன்று காலை இறந்துவிட்டார்.

உடும்பஞ்சோலை ஜெபமணி. ஏலக்காய்த் தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதா கோயில் ஞாயிறு பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பவர். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. மகள் ஸ்டெல்லா போனில் சொன்னாள்.

பார்வையில்லாத பிள்ளைகளுக்காகத் தமிழ்ப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்யும் சிறு குழு ஒன்றில் நாங்கள் இருவரும் இருந்தோம். அவர் அங்கிருந்து போனில் வாசிப்பார். நான் எலப்புள்ளியில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வேன். நேரில் பார்த்ததே இல்லை.

எனக்கு இந்த வேலையை யாரும் சொல்லித் தரவில்லை. மைக்செட் கட்டுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று சிரித்தார்கள். நானே நோண்டி நோண்டிக் கற்றேன். அதனாலோ என்னவோ, அடுத்தவர் சொல்லிக் கேட்கிற பழக்கமே எனக்கு வரவில்லை.

முதல் நாள், பாடத்தை ஸ்க்ரீன் ஷேர் செய்தேன். அதைப் பார்த்து அவர் வாசிக்க வேண்டும்.

"ஏனுங்க அம்மிணி, தெரியுதுங்களா?"

"ஒரே கருப்பால்லா இருக்கு அண்ணாச்சி."

"உங்க போன்ல கோளாறுங்க. ஆஃப் பண்ணிப் போடுங்க."

ஐந்து தடவை ஆஃப் பண்ணிப் போட்டார். கடைசியில் பார்த்தால், நான் பாடத்தை விட்டுவிட்டு ஒன்றுமே இல்லாத வேறொரு விண்டோவை ஷேர் செய்திருக்கிறேன். சத்தமில்லாமல் மாற்றினேன். "பாத்தீங்களா, போன் சரியாயிருச்சு" என்றேன்.

"அதுக்குள்ள கொணமாயிட்டா? நல்ல போனு, பாவம்" என்று சிரித்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் விட்டுவிட்டார்.

இன்னொரு நாள் எதிரொலி. நான் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். அது என் மைக்கில் ஏறி அவருக்கே திரும்பப் போனது. அன்றைக்கும் உங்கள் போன்தான் என்று சாதித்தேன்.

"என் கொரலே எனக்குத் திரும்பி வருது அண்ணாச்சி. ஜெபம் பண்ணுனாக்கூட இவ்வளவு வெரசாப் பதில் வராது."

மறுநாள் ஹெட்செட் போட்டேன். எதிரொலி நின்றது. ஹெட்செட் போட்டதைச் சொல்லவில்லை.

பிறகு மழைக்காலம். அவர் வீட்டுத் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் பதிவில் விழுந்தது. 'நாய்ஸ் கேட்' என்று ஒரு செட்டிங் உண்டு. நாம் வைக்கிற அளவுக்குக் கீழே உள்ள சத்தத்தை உள்ளே விடாது. அதை நன்றாக உயர்த்தி வைத்தேன். மழை போயிற்று.

மழைக்காலமும் போயிற்று. நான் அதை இறக்கவில்லை.

வரி முடியும் இடத்தில் குரலைத் தாழ்த்தி நிறுத்துவது அவர் வழக்கம். கோயிலில் வாசித்து வந்த பழக்கம். அந்தத் தாழ்ந்த இடங்களையெல்லாம் என் செட்டிங் வெட்டி எறிந்தது. ஹெட்செட்டில் நான் கேட்டதும் அந்த வெட்டுப்பட்ட சத்தத்தைத்தான்.

"வரி முடியறப்ப முழுங்கறீங்க அம்மிணி."

"இல்லையே அண்ணாச்சி, முழுசாத்தான வாசிக்கேன். மெஷின ஒருக்கப் பாருங்களேன்."

"மெஷின் பொய் சொல்லாதுங்க. உங்களுக்கு மூச்சு பத்தலீங்க. வயசாச்சு, குரல் போயிருச்சு."

நான் நெட் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

"சரி அண்ணாச்சி. பிள்ளைகளுக்குக் கொறையாப் போயிரக் கூடாது. வேற ஆளப் பாருங்க."

கோபாலபுரத்திலிருந்து ஒருவரைப் பிடித்தோம். எல்லாம் ஒரே குரலாக இருக்கட்டும் என்று, மழைக்கு முன்னால் ஜெபமணி வாசித்திருந்த ஒன்பது பாடங்களையும் நான்தான் எடுத்துவிடச் சொன்னேன்.

மூன்றாவது வாரம் புதியவர் கூப்பிட்டார். "ஏனுங்க, நான் பேசுனதுல பாதி காணோமுங்களே. உங்க பக்கம் என்னமோ தப்புங்க." சண்டை போட்டுவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன். மழைக்கு உயர்த்தி வைத்த நாய்ஸ் கேட் அப்படியே இருந்தது.

இறக்கி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று ஜெபமணியே கூப்பிட்டார்.

"புது ஆளு நல்லா வாசிக்காவளா அண்ணாச்சி?"

"பரவால்லீங்க."

"ஆண்டவருக்குத் தோத்திரம்."

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அங்கே குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்...

இன்று ஸ்டெல்லா சொல்லித்தான் தெரிந்தது. கோயிலில் வாசிப்பதையும் அவர் நிறுத்திவிட்டாராம். பங்குச் சாமியாரே வீட்டுக்கு வந்து கூப்பிட்டும் போகவில்லையாம்.

"எலப்புள்ளி அண்ணாச்சி மெஷின்ல கேட்டுல்லா சொல்லுதாவ, தப்பா இருக்காதுன்னு அம்மா சொல்லிட்டாங்க அங்கிள். பைபிளக்கூட வாய்க்குள்ளதான் வாசிப்பாங்க."

இனி செய்ய வேண்டியவை.

குழு, நான் எடுக்கச் சொன்ன ஒன்பது பாடங்களையும் பிள்ளைகளிடம் திரும்பக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஜெபமணி என்ற பெயரைச் சொல்ல வேண்டும். இதில் வாக்கெடுப்பு எல்லாம் வேண்டாம்.

கோபாலபுரத்து நண்பர் தொடர்ந்து வாசிக்க வேண்டும். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

இந்தப் பதிவுக்குக் கீழே "தெரியாமல் நடந்தது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று எழுத வருகிறவர்கள் எழுதாமல் போக வேண்டும். தெரிந்த பிறகும் பத்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான்.

முப்பதாம் நாள் பூசைக்கு நான் உடும்பஞ்சோலைக்குப் போக வேண்டும். சாமியார் என்னைப் பேச விட வேண்டும். ஜெபமணி வாசிப்பதை நிறுத்தியது எதனால் என்று அந்தக் கோயிலில் எல்லோர் முன்னாலும் நானே சொல்ல வேண்டும்.

ஸ்டெல்லா என்னை மன்னிக்க வேண்டியதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை அம்மிணி. போய் வாருங்கள்.