நாலு சுவருக்கு நாலு படம்

சுவரைப் பார்த்ததும் மொக்கையன் உட்காரவில்லை. சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

1955, தை மாதம். போடியில் ஏலக்காய்க் கமிஷன் வியாபாரம் பார்த்த யோசேப்பின் வீட்டுப் பட்டாசாலை அது. வீட்டுக்கு முன்கூடமும் அதுதான், கடையும் அதுதான். மலையில் தோட்டம் வைத்திருக்கிறவர்கள் காயை மூட்டை கட்டிக் கொண்டுவந்து, அங்கே விரித்திருக்கும் பாயில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஊர்க் கதை பேசி, அதற்கப்புறம்தான் மூட்டையை அவிழ்ப்பார்கள். ராசிங்காபுரத்து மொக்கையன் பதினைந்து வருஷமாக அப்படித்தான். அன்றைக்கு மட்டும் நின்றபடியே சுவரைப் பார்த்தார். இடமிருந்து வலமாக ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை.

“என்னண்ணே, உக்காருங்க” என்றார் யோசேப்பு.

“இல்ல அண்ணாச்சி. சோலி கெடக்கு.”

மூட்டையை அவிழ்க்காமலே தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

சுவரில் இருந்தவை நாலே நாலு படங்கள். ஒரே அளவு, ஒரே மாதிரிக் கறுப்புச் சட்டம், கண்ணாடி. மாட்டியவள் யோசேப்பின் மனைவி ஜெயபாக்கியம்.

பதினேழு வயதில் கலியாணமாகி அந்த வீட்டுக்கு வந்தவள் அவள். அன்றிலிருந்து அந்தச் சுவரில் அவள் பார்த்ததெல்லாம் மாமனார் படம், மூன்று கம்பெனிக் காலண்டர், போன வருஷத்துக் காலண்டர், அதற்கும் முந்தின வருஷத்துக் காலண்டர், மூட்டை உரசி உரசி விழுந்த பச்சைக் கறை. தினமும் அந்தப் பட்டாசாலையைப் பெருக்குகிறவள் அவள்தான். ஆனால் அதில் ஒரு ஆணியைக்கூட அவள் அடித்ததில்லை. ஆள் இல்லாத நேரத்தில் சுவரை ஜாண் போட்டு அளந்து பார்ப்பாளாம். எதற்கு என்று அவளுக்கே தெரியாது! அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போனது.

படங்களைக் கொண்டுவந்தவன் அவள் தம்பி ஐசக். போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். மலைக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரை எஸ்டேட்டை விட்டுவிட்டுச் சீமைக்கே கிளம்பியபோது, பங்களாச் சாமான்களைக் கீழே இறக்கியது அவன்தான்.

“சாமி படமும் இல்ல, ஆள் படமும் இல்ல, யாரும் வேணாங்குறாங்கக்கா. கொண்டை ஊசி வளைவு அத்தனையிலயும் ஒத்தக் கையால புடிச்சுக்கிட்டே ஓட்டுனேன்” என்றான். ஒற்றைக் கைக் கதையை யாரும் நம்பவில்லை. ஆனால் கண்ணாடி உடையாமல் வந்திருந்தது.

நாலு படத்திலும் ஒரே இடம். ஒரு ஓடை, ஒரு மரப்பாலம், பின்னால் பெரிய மரங்கள். முதல் படத்தில் இளம்பச்சைத் தளிர். இரண்டாவதில் அடர்ந்த பச்சை. மூன்றாவதில் இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக உதிர்கிறது. நாலாவதில் மரம் மொட்டை, தரை முழுக்க வெள்ளை.

“சீமையில ஒரு வருசம் இப்பிடித்தானாம். வெள்ளையாக் கெடக்குறது மஞ்ஞுன்னு பங்களாக் குசினிக்காரர் சொன்னாரு. மூடுபனி மாதிரி, ஆனா தரையிலயே கெடக்குமாம்.”

ஜெயபாக்கியம் காலண்டர்களைக் கழற்றினாள். கறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். மஞ்சள் தண்ணீரில் நனைத்த நூலைச் சுவரில் இழுத்துக் கட்டி, கோடு தட்டி, படத்துக்குப் படம் ஒரு ஜாண் விட்டு மாட்டினாள். மாமனார் படத்தை உள்ளே, ஜெபம் பண்ணுகிற அறைக்குக் கொண்டுபோனாள். அன்று முழுக்க, கரண்டியும் கையுமாக வந்து வந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். குழம்பு அடிப்பிடித்தது.

“இது வீடா, துரை பங்களாவா?” என்று யோசேப்பு சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நாலு நாள்கூட நிலைக்கவில்லை. மொக்கையனுக்குப் பிறகு வந்தவர்களும் உட்காரவில்லை. ஒருவர் நாலாவது படத்தின் மூலையை விரல் நுனியால் தூக்கி, பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். இரண்டு பேர் வாசலில் நின்று ஏதோ காதில் பேசினார்கள். ஜெயபாக்கியம் தண்ணீர்ச் செம்போடு வந்ததும் பேச்சு நின்றது. மூட்டையெல்லாம் அடுத்த தெருக் கடைக்குப் போனது.

யோசேப்புக்கு மனைவி மேல் சந்தேகம். “நீ யார்ட்டயாச்சும் வாய விட்டியா?”

“நா யார்ட்டப் பேசுறேன்? நீங்கதான் தராசுல கை வச்சீங்களோ என்னமோ!”

சொன்னபிறகுதான் அவளுக்கு உறைத்தது. யோசேப்பு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

“இத மாட்டுன அன்னையிலருந்துதான் எவனும் உக்கார மாட்டேங்குறான். ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வந்ததும் கழட்டிருவேன். பரண்ல கெடக்கட்டும்.”

அன்றைக்குப் புதன்கிழமை.

வெள்ளிக்கிழமை ஐசக் மூச்சிரைக்க வந்தான். “அக்கா, ஜீப்புல பின்னால பேசிக்கிட்டு வர்றாய்ங்க. மேல எங்கயோ காடு காயுதாம். அதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் துரை போட்டுட்டு ஓடிட்டானாம். பச்சையா இருந்த எடம் எப்பிடி மொட்டையாச்சுன்னு நாலு போட்டாப் புடிச்சு வச்சிருந்தானாம். அது இப்ப அத்தான் கையில இருக்காம். பயமுறுத்தி எல்லார் தோட்டத்தையும் மலிவா வளைக்கப் போறாராம்!”

ஜெயபாக்கியத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஏலச்செடி நிழலில் வாழ்கிறது. மரம் மொட்டையானால் தோட்டம் போச்சு. ஏற்கெனவே இலையில் வெளிர் கோடு விழுந்து செடி குறுகிப்போகிற நோயால் மலைக்காரர்கள் பயந்து கிடந்தார்கள். அவர்கள் கண்ணால் பார்த்தால் அந்தச் சுவர் ஒரு தோட்டம் சாகிற கதை. பச்சை, கரும்பச்சை, மஞ்சள், பிறகு வெள்ளை.

அவசரத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். மொட்டைப் படத்தை முதலில் வைத்து, பச்சையைக் கடைசிக்குக் கொண்டுபோனாள். அன்று சாயங்காலமே வாசலில் ஒரு குரல் கேட்டது.

“மாத்தி வச்சுட்டாங்கப்பா! அப்ப என்னமோ இருக்கு.”

சனிக்கிழமை மத்தியானம் மொக்கையனின் மனைவி கருத்தம்மாள் வந்தாள். “தாகமா இருக்கு தாயி” என்றாள். ராசிங்காபுரத்திலிருந்து வருகிற வழியெல்லாம் தண்ணீரே இல்லையாக்கும்! செம்பை வாங்கியவள் குடிக்கவில்லை. கண் சுவரிலேயே இருந்தது.

“இது யாரு தோட்டம்?”

“தோட்டமே இல்லக்கா. சீமை. அங்க எலை உதிரும், பெறகு தழைக்கும்.”

“எங்க வீட்டு ஆளு பாத்தப்ப மொட்டை கடேசில இருந்துச்சாம். இன்னைக்குப் பச்சை கடேசில இருக்கு. எது நெசம்?”

எல்லாம் முடிந்தது என்று ஜெயபாக்கியம் பாயில் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கு இந்நேரம் சுவரில் திரும்பவும் காலண்டர் தொங்கும். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாகக் கேட்டாள்.

“உங்க அடிவாரத்துக் காட்டுல எலவ மரம் நிக்குதுல்ல? இப்ப எப்பிடி இருக்கு?”

“இப்பவா? மொட்டையா நிக்குது. காய் மட்டும் தொங்குது.”

“செத்துப்போச்சா?”

“வாயில நல்லதே வராதா ஒனக்கு? ஏன் சாகுது? பங்குனியில காய் வெடிச்சு, பஞ்சு பறந்து, தரையெல்லாம் வெள்ளையா…” கருத்தம்மாள் நிறுத்தினாள். மொட்டைப் படத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

“பெறகு?”

“தழைக்கும்.” கருத்தம்மாளிடமிருந்து தோற்றுப்போன குரலில்தான் அது வந்தது.

“அப்ப எது மொதல்ல, எது கடேசி?”

“மரத்துக்கு ஏது கடேசி? அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே கெடக்கும்.”

ஜெயபாக்கியம் எழுந்தாள். தப்பு படத்தில் இல்லை, வரிசையில்! வரிசை என்றால் கடைசி என்று ஒன்று இருக்கத்தானே செய்யும்? உள்ளே ஓடிச் சுத்தியலும் ஆணியும் எடுத்துவந்தாள். நாலு படத்தையும் கழற்றிப் பாயில் வைத்தாள்.

“இனி நா தொட மாட்டேன்க்கா. சுவத்துக்கு ஒண்ணு. எது எங்கன்னு நீங்களே சொல்லுங்க, நீங்களே மாட்டுங்க. அப்புறம் மாத்தி வச்சேன்னு யாரும் சொல்லக் கூடாது.”

கருத்தம்மாள் ஒவ்வொரு படத்தையும் திருப்பி, அட்டையைத் தட்டி, முகர்ந்துகூடப் பார்த்தாள். பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். தளிர் கிழக்குச் சுவரில். அடுத்தது தெற்கில். உதிர்கிறது மேற்கில். வடக்குச் சுவரில் தாழ்வான அடுக்களைக் கதவு இருந்ததால் அதற்கு மேலே முக்காலி போட்டு ஏறி மொட்டையை மாட்டினாள். ஜெயபாக்கியம் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலும் ஒரே உயரம், நூல் பிடித்த மாதிரி. கருத்தம்மாள் இறங்கி, பட்டாசாலை நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“எலவம்னா காயக் காணமே?”

“எலவம் இல்லக்கா, சீமை மரம். வெள்ளையாக் கெடக்குறது மஞ்ஞு. பனி.”

“பனி தரையில கெடக்குமா? போடிமெட்டுல கெடக்கலையே. பஞ்சுதான் அது. ஒந்தம்பிக்கு என்ன தெரியும், ஜீப்பு ஓட்டத்தான் தெரியும்.” இப்போதுதான் செம்புத் தண்ணீரைக் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து யோசேப்பும் ஜெயபாக்கியமும் வீடு திரும்பியபோது, வாசலில் மொக்கையன் நின்றார். காலடியில் மூட்டை. பின்னால் கருத்தம்மாள்.

யோசேப்பு கதவைத் திறந்தார். மொக்கையன் உள்ளே வந்தார். பாய்க்கு நடுவில் நின்று கிழக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார். எப்படி உட்கார்ந்தாலும் ஏதாவது ஒரு படம் முதுகுக்குப் பின்னால் போகும். கொஞ்ச நேரம் யோசித்து, அடர்ந்த பச்சைக்கு முதுகைக் காட்டி, அடுக்களைக் கதவைப் பார்த்து உட்கார்ந்தார்.

“அந்த வெள்ளைய மட்டும் நா கண்ணு முன்னாலயே வச்சுக்கிறேன் அண்ணாச்சி” என்றபடி மூட்டையின் கயிற்றை அவிழ்த்தார்.

யோசேப்பு பரணைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். “ஏ ஜெயம், அண்ணனுக்குத் தண்ணி கொண்டா, வெரசா” என்றார்.

ஜெயபாக்கியம் நாலாவது படத்துக்குக் கீழே குனிந்து, அடுக்களைக்குள் போனாள்.