ஒன்றை அழுத்தவும்

எந்த லிஃப்டில் ஏறினாலும் நான் முதலில் அழுத்துவது மணிப் படம் போட்ட பித்தானைத்தான். மாடி எண் பிறகு. கூட ஏறியவர்கள் இந்தப் பொம்பளைக்குக் கழன்றுவிட்டதோ என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும். உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே யாருக்காவது கேட்குமா என்பதை மாட்டிக்கொள்வதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலும் யாருக்கும் கேட்பதில்லை. வாட்ச்மேன் அறையில் மணி அடிக்கும், வாட்ச்மேன் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். லிஃப்டின் சுவரில் மட்டும் லைசென்ஸ் அழகாகத் தொங்கும்.

அந்த லைசென்ஸ் காகிதங்களைத் தயார் செய்வதுதான் என் பிழைப்பு. மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி பெங்களூரு போய், லிஃப்ட் மாட்டுகிற கம்பெனி ஒன்றில் அரசாங்க அனுமதி வேலைகளைப் பார்க்கிறேன். சட்டம் என்ன கேட்கிறது, இன்ஸ்பெக்டர் என்ன கேட்பார், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. சட்டமே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் எங்கேயோ ஒருவர் செத்திருக்கிறார் என்று நினைக்கிறவள். ஆனால் விதியை எழுதியவரும் மெஷினைச் செய்தவரும், அதை வைத்துக்கொண்டு வாழப்போகிறவரின் வீட்டுக்கு ஒருமுறையாவது வந்திருப்பார்களா என்று யோசித்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இந்தச் சந்தேக புத்தி அண்ணனிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அண்ணன் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் முதலில் பாறை துளைக்கிற வேலையில் இருந்தார். தூசி நெஞ்சில் ஏறிய பிறகு லைட் டூட்டி என்று ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியின் மேல்வாயில் பெல் அடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். கீழே ஏதோ ஒரு லெவலில் ஆட்கள் கூண்டில் ஏறுவதற்காக நிற்பார்கள். கூண்டை இழுக்கிற டிரைவர் தள்ளி என்ஜின் வீட்டில் இருப்பார், அவர் கண்ணுக்கு அந்த ஆட்கள் தெரியமாட்டார்கள். எல்லாப் பேச்சும் மணியில்தான். கீழேயிருந்து மணி வந்தால், மேலே இருப்பவர் அதே மணியை உடனே திருப்பி அடிக்க வேண்டும். எனக்குக் கேட்டது என்று அதற்கு அர்த்தம், அவ்வளவுதான். கூண்டு அசையாது. ஆட்கள் ஏறி, கதவை அடைத்து, கீழேயிருந்து இன்னொரு மணி கொடுத்தால்தான் டிரைவர் கையை வைப்பார். சுரங்கத்தை மூடும்வரை அண்ணன் இதைத்தான் செய்தார்.

வீட்டிலும் அதே கதைதான்.

"பாப்பா, வர்றப்ப மாத்திரை வாங்கினு வா" என்பார். சரி என்று சொன்னால் போதாது.

"இன்னா வாங்கினு வர்ற?"

"மாத்திரை, ணா."

"ஆங். போய்ட்டு வா."

அண்ணிக்கு இது பழகவே இல்லை. "இவரக் கட்டிக்கினதுக்கு ஒரு பெல்லக் கட்டிக்கினு இருக்கலாம்" என்று என்னிடம் அலுத்துக்கொள்வாள். ஆனால் அவளும் திருப்பிச் சொல்லிவிடுவாள். சொல்லாவிட்டால் அவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

எனக்கு அது மண்டையில் ஏறிவிட்டது. உலகத்தில் உள்ள எல்லா ஏற்பாட்டையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: சொன்னது கேட்டதா என்று யாராவது பார்க்கிறார்களா? போனில் எந்தச் செயலியைத் திறந்தாலும் நிபந்தனைகளைப் படித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு கட்டம் வருகிறது. படிக்கவில்லை என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து சொல்லும் பொய்க்கு ஒப்பந்தம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அரசாங்கக் கடிதம் இன்னும் மோசம். அறிவிப்பு அனுப்பப்பட்டது என்று எழுதிவிட்டால் அது உங்கள் கைக்கு வந்த மாதிரிதான், நீங்கள் ஊரிலேயே இல்லாவிட்டாலும். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் முனையில் கேமரா மாட்டியிருக்கிறார்கள். அதில் தெரிவதை யார் பார்க்கிறார்கள் என்று பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டேன். "பாக்க ஆளு வேணும்னு யாரும் சொல்லலக்கா, மாட்டச் சொன்னாங்க, மாட்டிட்டுப் போனாங்க" என்றார். எங்கள் ஊரில் சில சமயம் கடைக்காரர்கள்தான் சரியாகப் பேசுகிறார்கள்.

இப்போது அண்ணனுக்கு மூச்சு மெஷினில்தான் ஓடுகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பீரோ உயரத்தில் ஆக்ஸிஜன் மெஷின் நிற்கிறது, அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய். மெஷினுக்கு கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் மூலையில் நிற்கிற சிலிண்டரைத் திறந்து குழாயை அதில் மாற்ற வேண்டும். அண்ணி அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். அண்ணனால் முடியாது. கட்டிலிலிருந்து மூலைக்குப் போவதற்குள் உதடு நீலமாகிவிடும்.

நாங்கள் இருப்பது சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய பழைய வீடுகள். எங்கள் வரிசைக்கு வரும் லைன்மேனும் சுரங்கக்காரர் வீட்டுப் பிள்ளைதான். கம்பத்தில் வேலை என்றால் நேராக ஃப்யூஸைப் பிடுங்கமாட்டார். எங்கள் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுப்பார்.

"க்கா, லைன் எடுக்கப் போறேன். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, இரு" என்பாள் அண்ணி உள்ளேயிருந்து. குழாயை மாற்றிவிட்டு வாசலுக்கு வந்து, "மாத்திட்டேன், இப்ப எடு" என்பாள். அதற்குப் பிறகுதான் அவர் கம்பத்துக்குப் போவார். இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எந்த விதியிலும் எழுதியிருக்கவும் இல்லை.

பிறகு புது மீட்டர் வந்தது. வரிசையில் எல்லா வீட்டுக்கும் மாற்றினார்கள். கூட வந்த இளம் இன்ஜினியர் பங்காருப்பேட்டைப் பக்கத்துக்காரர், கன்னட வாசனையோடு நல்ல தமிழ் பேசினார். இனிமேல் யாரும் கம்பத்தடியில் வந்து நிற்க வேண்டாம், ஆஃபீஸில் உட்கார்ந்தபடியே எந்த வீட்டு கரண்டையும் நிறுத்தலாம், கொடுக்கலாம் என்று பெருமையாகச் சொன்னார்.

"நிறுத்தறதுக்கு முன்னாடி எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"மெசேஜ் வரும் மேடம்."

"மெசேஜ் வந்தத நாங்க பார்த்தோமான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நிறைய ஆஃபீஸ்களில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இதை விடப்போவதில்லை என்று.

மூன்று நான்கு மாதம் அலைந்தேன். எழுதுவதுதானே என் தொழில். டாக்டர் சான்றிதழ், மெஷினின் படம், வீட்டின் படம், எல்லாம் வைத்து எழுதினேன். உயிர் மின்சாரத்தில் ஓடும் வீட்டில், பதில் வராமல் லைனை நிறுத்தக்கூடாது என்பதுதான் என் கோரிக்கை. ஒருவர் இன்னொருவரைக் காட்டினார், அவர் மேலிடத்தைக் காட்டினார். கடைசியில், எனக்கே ஆச்சரியம், ஒத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டைத் தனியாகக் குறித்துவைப்பார்கள். நிறுத்துவதற்கு முன்னால் வீட்டு போனுக்கு அழைப்பு வரும். பதிவுசெய்த குரல் விஷயத்தைச் சொல்லி, உறுதி செய்ய ஒன்றை அழுத்தவும் என்று கேட்கும். அழுத்தாவிட்டால் நிறுத்தமாட்டார்கள். அந்த வாசகத்தை எனக்கு முன்கூட்டியே காட்டினார்கள். ஆயிரம் ஃபைல் பார்த்த கண்ணால் அதைப் படித்தேன், ஒரு குறையும் தெரியவில்லை.

அன்றைக்கு ராபர்ட்சன்பேட்டையில் இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். அண்ணன் ஒரு துண்டு தின்றுவிட்டு, "பரவால்லியே பாப்பா, கவர்மென்ட்டையே திருப்பி அடிக்க வெச்சிட்டியே" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஒரு வாரம் கூட ஆகியிருக்காது. காலையில் குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது. பேத்தமங்களா ஏரித் தண்ணீர் எங்களுக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும். அண்ணி போனைக் கட்டிலில் வைத்துவிட்டுக் குடங்களோடு தெருக்குழாய்க்குப் போயிருக்கிறாள். போன் அடித்திருக்கிறது. அண்ணன் எடுத்திருக்கிறார். குரல் சொல்ல வேண்டியதைச் சொல்லி, ஒன்றை அழுத்தவும் என்றது. அண்ணன் அழுத்தினார். மெஷின் நின்றது.

கரண்ட் போனால் மெஷின் கீச்கீச்சென்று கத்தும். குடம் தூக்கிக்கொண்டு திரும்பிய அண்ணிக்கு அது தெருவிலேயே கேட்டிருக்கிறது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். அண்ணன் மூலைக்குப் போகப் பார்த்து, பாதியில் தரையில் உட்கார்ந்திருந்தார். குழாய் அவர் மூக்கில்தான் இருந்தது, அதில் காற்றுதான் இல்லை. அண்ணி சிலிண்டரைத் திறந்து, மூச்சு திரும்பிய பிறகு, அக்கம்பக்கத்தில் ஆள் பிடித்து ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். எனக்குத் தகவல் வந்தபோது பெங்களூரில் வேறொருவர் வீட்டு லிஃப்டுக்காகப் பாதுகாப்புச் சான்றிதழ் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும் ரயிலில் உட்காரவே முடியவில்லை. கதவோரம் நின்று அழுதுகொண்டே வந்தேன்.

பிழைத்துவிட்டார். பேச்சு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி அன்பான கேள்வி இல்லை.

"அண்ணி இல்லாதப்ப ஏண்ணா அழுத்தின?"

அவர் என்னைக் குழம்பிப்போய்ப் பார்த்தார். "கேட்டுச்சுன்னு சொன்னேன்" என்றார். "ஒருத்தன் பெல்லு குடுத்தா திருப்பிக் குடுக்காம இன்னா பண்ணுவாங்க? அப்பால இன்னொரு பெல்லு வரும், அதுக்குள்ள அவ வந்துடுவான்னு இருந்தேன்."

அந்த இன்னொரு பெல்லைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. போன் போடுகிற மெஷினுக்குக் கேட்டது என்பதும் தயார் என்பதும் ஒன்றுதான். அந்த வாசகத்தைப் படித்துத் தலையாட்டிய எனக்கும் அது உறைக்கவில்லை. ஊரில் இருக்கிற அத்தனை பித்தானையும் சந்தேகப்பட்டவள், நானே கேட்டு வாங்கிய பித்தானை மட்டும் நம்பினேன்.

மறுநாள் மின்சார ஆஃபீஸுக்குப் போனேன். கத்தத்தான் போனேன். அந்த இன்ஜினியர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவருக்கும் முகம் வெளுத்திருந்தது, அதில் நடிப்பு இல்லை. திரையைத் திருப்பிக் காட்டினார். அழைப்பு போனது, எடுத்தது, ஒன்று அழுத்தியது, உறுதியானது, பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக். இதைவிடச் சுத்தமான ஃபைலை நான்கூடத் தயாரித்ததில்லை. அன்றைக்கு அண்ணனுக்கு ஏதாவது ஆகியிருந்தாலும் அந்த டிக் அப்படியேதான் இருந்திருக்கும், விசாரணைக்கு வந்தவர்களும் அதைத்தான் பார்த்திருப்பார்கள்.

"நீங்க கேட்ட மாதிரியேதான் மேடம் செஞ்சிருக்கோம்" என்றார், மெதுவாக.

இரண்டு முறை கேட்கும்படி மாற்றுங்கள் என்றேன். முதலில் கேட்டதா என்று, பிறகு தயாரா என்று. அது வெளியூர்க் கம்பெனி எழுதியது, இங்கே கைவைக்க முடியாது, எழுதிப் போடலாம் என்றார். பழையபடி லைன்மேனை அனுப்புங்கள் என்றேன். ஆஃபீஸ் உத்தரவு இல்லாமல் அவர் இனி கம்பத்தைத் தொடக்கூடாதாம், விபத்தைத் தடுக்கப் புது விதி. வேண்டுமானால் எங்கள் வீட்டைத் தனிக் குறிப்பிலிருந்து எடுத்துவிடலாம், அப்போது அழைப்பே வராது, மற்றவர்களைப் போல மெசேஜ் மட்டும் வரும் என்றார். என்ன செய்ய என்று என்னையே கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். மாற்றச் சொல்லி எழுதியும் போட்டிருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது.

அதுவரை எங்கள் வீட்டின் பாதுகாப்பு ஏற்பாடு, அண்ணன் எதையும் அழுத்தாமல் இருப்பது. அவரிடம் சொல்லிவிட்டோம். திருப்பிச் சொல்லவும் வைத்தோம். "அழுத்த மாட்டேன்" என்று சொன்னார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. போனைக் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறாள் அண்ணி, அடித்தால் உடனே எடுப்பதில்லை, ஓய்ந்த பிறகுதான் யார் என்று பார்க்கிறாள். வருவது பெரும்பாலும் கடன் வேண்டுமா என்று கேட்கிற அழைப்புகள்தான். ஆனாலும் போன் அடித்தால் போர்வைக்கு வெளியே அண்ணனின் வலது கை தானாக எழுந்துவிடுகிறது. அவருக்கே அது தெரிவதில்லை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, மணி ஓய்கிறவரை அந்தக் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டிருக்கிறாள்.