சைக்கிள் பம்பும் எட்டுப் போத்தல் பூசை ரசமும்

ஒரு ஜாடியை நான் கெடுத்தேன். இன்னொரு ஜாடியைக் காப்பாற்றினேன். இரண்டாவதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவது விளங்காது.

இரண்டாவது உலகச் சண்டைக்காலம். குளத்தூர் தாலுகாவில் ஒரு கிராமத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் சயன்ஸ் வாத்தியார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதித்த முதல் ஆள் நான்தான். இன்டர்மீடியட் முடித்து வந்த எனக்கு அங்கே கிடைத்த ஆய்வுக்கூடம் ஒரே ஒரு அலமாரி. உள்ளே கொஞ்சம் கண்ணாடிக் குழாய், நாலு முழம் ரப்பர் குழாய், ஓட்டை போட்ட கார்க்குகள், ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு புனல், ஒரு கட்டு வடிதாள். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தேன். அந்த அலமாரியை வைத்துக்கொண்டு செய்ய முடியாத காரியம் உலகத்தில் உண்டு என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு மேனேஜர் பங்குச் சாமியார். கோயிலை ஒட்டி அவருடைய பங்களா. அவர் வேதக்காரர், நான் அன்னவாசல் பக்கத்துக் குடியானவன் வீட்டுப் பிள்ளை, முருகனைக் கும்பிடுகிறவன். ஆனாலும் அந்த மூலையில் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிற ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். சாயங்காலம் பேப்பர் படிக்கப் போவேன். சமையல் பார்க்கும் குசினிக்காரர் காப்பி கொடுப்பார்.

திராட்சை ரசம் இல்லாமல் அவர்களுக்குப் பூசை கிடையாது. சீமையிலிருந்து போத்தலில் வந்துகொண்டிருந்தது. சண்டை வந்ததும் கப்பல் நின்றது, போத்தலும் நின்றது. உலர்ந்த திராட்சையில் வீட்டிலேயே ரசம் இறக்கிக்கொள்ளலாம் என்று பிஷப்பாகிய மேற்றிராணியார் எல்லாப் பங்குகளுக்கும் காகிதம் அனுப்பியிருந்தார். சாமியார் மாசி மாதம் திருச்சியிலிருந்து திராட்சை வாங்கி வந்து, இரண்டு பீங்கான் ஜாடியில் தண்ணீர் விட்டு ஊறப்போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தார். அது நுரைத்தது, பொங்கியது, ஒரு நாள் அடங்கியது. பங்குனியில் துணியை அவிழ்த்துப் பார்த்தபோது அடியில் நாலு விரல் கனத்துக்கு மண்டி. மேலே உள்ளது தெளிந்தும் தெளியாமலும் கிடந்தது.

"இந்த வெயிலுக்கு மண்டியோட கெடந்தா புளிச்சுக் காடியாப் போயிரும் தம்பி. காடிய வச்சுப் பூசை பண்ண முடியாது. பழைய போத்தல்ல ஒரு வாரத்துக்குத்தான் இருக்கு. பாஸ்கு ஞாயித்துக்கெழம பீடத்துக்கு எதைக் கொண்டுபோறது?" என்றார் சாமியார்.

"நான் தெளிய வச்சுத் தாரேன் சாமி" என்றேன்.

எப்படி என்று யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. மறுநாள் அவர் நோயாளி ஒருவருக்குக் கடைசி எண்ணெய் பூசி அவஸ்தை கொடுக்கச் சைக்கிளில் போய்விட்டார். நான் ஜாடிகள் இருந்த குசினிக்குள் நுழைந்தேன். கலங்கலைத் தெளியவைக்க எங்கள் ஊரில் யாரும் புஸ்தகம் தேட மாட்டார்கள். ஊருணித் தண்ணீர் சேறாக வந்தால் குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை நாலு இழைப்பு இழைப்பார்கள். விடிந்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அதுதான் கைக்கு வந்தது. கொட்டையை வாங்கி, ஒரு ஜாடிக்குள் மட்டும் கையை விட்டு, நன்றாக இழைத்துவிட்டு வந்தேன். தெளிந்ததா? பிரமாதமாகத் தெளிந்தது. அதற்கடுத்த நாள் சாமியாரைக் கூட்டிவந்து காட்டினேன்.

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "என்ன மந்திரம் போட்டீங்க?"

"தேத்தாங்கொட்டை சாமி."

அவர் மூடியை மெதுவாக எடுத்து ஜாடிமேல் வைத்தார். "திராட்சையிலேருந்து வந்ததைத் தவிர இதுல ஒரு துளி வேற எதுவும் இருக்கக் கூடாது தம்பி. இது ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாது, ஆகும்னும் சொல்ல முடியாது. சந்தேகத்தோட நான் பீடம் ஏற முடியாதுல்ல?"

இரண்டு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"அப்ப இந்த ஜாடிய நான் பாத்துக்கிறேன் சாமி" என்றார் குசினிக்காரர், ரொம்பப் பணிவாக.

"நீ அதைப் பாக்கவே வேண்டாம்."

ஆக மிச்சம் ஒரு ஜாடி. பாஸ்குக்கு, அதாவது ஈஸ்டருக்கு, ஆறு நாள். மண்டி கலங்காமல் மேலே உள்ளதை மட்டும் எடுக்க வேண்டும். சாய்த்தால் கலங்கிவிடும். கரண்டியால் மொண்டாலும் கலங்கும். ரப்பர் குழாயை விட்டு ஒரு தரம் உறிஞ்சிவிட்டால் போதும், தானாக இறங்கும். பீப்பாயிலிருந்து எண்ணெய் எடுக்கிறவன் செய்வதுதான். குசினிக்காரர் உடனே துண்டை இடுப்பில் கட்டினார்.

"நான் உறிஞ்சுறேன்."

"உறிஞ்சிக் குழாய்லயே குடியிருந்துருவ. எச்சி பண்ணின ரசத்தையா பீடத்துல வைக்கிறது? வாய் படவே கூடாது" என்றார் சாமியார்.

எச்சில் என்றதும் எனக்கும் சரியென்று பட்டது. எங்கள் வீட்டில் சாமிக்கு வைக்கும் பொங்கலை யாரும் உப்புக்கூடப் பார்ப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் வேதமும் எங்கள் வீடும் ஒன்றுதான். வாய் படாமல் உறிஞ்ச வேண்டும். எதை வைத்து உறிஞ்சுவது?

மறுநாள் காலை பங்களா வாசலில் சாமியாருடைய சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். பத்துப் பதினைந்து தரம் அடித்திருப்பேன். சட்டென்று கை நின்றது. இது காற்றைத் தள்ளுகிறது. தள்ளுகிற சாமானைத் திருப்பிப் போட்டால் இழுக்காதா? டயரை அப்படியே விட்டுவிட்டுப் பம்பைக் கழற்றினேன். தண்டின் நுனியில் கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாசர். அதன் வாய் கீழே பார்த்திருந்தது. அதை மேலே பார்க்கும்படி திருப்பி முடுக்கி, தேங்காய் எண்ணெய் தடவி, பம்பின் முனையை விரலால் பொத்திக்கொண்டு தண்டை இழுத்தேன். விரலைக் கவ்விப் பிடித்தது! அட்டை கடித்த மாதிரி பிடித்தது! "சாமி, இழுக்குது! இழுக்குது சாமி!" என்று கத்தினேன். ஜெபமாலையோடு வெளியே வந்தவர் முதலில் டயரைத்தான் பார்த்தார்.

"சரி, நான் நடந்தே போறேன்" என்றார்.

சீமை ரசம் வந்த பழைய போத்தல்கள் கிடந்தன. அடியில் குழி விழுந்த தடித்த கண்ணாடி. உள்ளே காற்றை எடுத்தால் மெல்லிய போத்தல் நொறுங்கிவிடும், இது தாங்கும். இரண்டு ஓட்டை போட்ட கார்க்கை அதில் இறுக்கினேன். ஒரு ஓட்டையிலிருந்து குழாய் ஜாடிக்குள் போனது, மண்டிக்கு மேலே நிற்கிற மாதிரி. மறு ஓட்டையிலிருந்து ரப்பர் குழாய் பம்புக்குப் போனது. கார்க்கைச் சுற்றிக் காற்று நுழையாமலிருக்கப் பீடத்து மெழுகுதிரித் துண்டுகளை உருக்கி ஊற்றினேன். ஜாடி பெஞ்சுமேல், போத்தல் தரையில்.

முதலில் பச்சைத்தண்ணீரை வைத்துப் பார்த்தோம். இழுத்தேன், கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஒரு சாண் ஏறியது. தண்டைத் தள்ளினேன், ஒரு சாண் இறங்கியது. மறுபடி இழுத்தேன், மறுபடி இறங்கியது. இருபது தரம் இதே கதை.

"என்ன வாத்தியாரே, இது மாமியா வீட்டுக்குப் போற மருமக மாதிரி வாரதும் போறதுமா இருக்கு?" என்றார் குசினிக்காரர்.

குந்தியபடியே யோசித்தேன். இழுத்த காற்றைத் தள்ளும்போது நானே திருப்பிப் போத்தலுக்குள் அனுப்புகிறேன்! தள்ளும் நேரத்தில் ரப்பர் குழாயை யாராவது அமுக்கிப் பிடித்தால், உள்ளே வந்த காற்றுக்குப் போத்தல் பக்கம் வழியில்லை. தோலின் ஓரமாகப் பிதுங்கி வெளியே போய்விடும்.

"அண்ணே, கொழாயைப் பிடிங்க. நான் இழுக்கிறப்ப விடுங்க, தள்ளுறப்ப அமுக்குங்க."

"அம்புட்டுத்தானா?"

அவ்வளவுதான், ஆனால் வரவில்லை. நான் இழுக்கும்போது அமுக்கினார், தள்ளும்போது விட்டார். "எங்கிட்டு விடுறது, எங்கிட்டு அமுக்குறது, ஒண்ணும் புரியல போங்க" என்று கையை உதறினார். அப்புறம்தான் கேட்டேன், ஏற்றம் இறைத்திருக்கிறாரா என்று. பதினைந்து வருஷம் இறைத்தவராம். பிறகென்ன? மேலே ஓடுகிறவனும் கீழே சால் பிடிக்கிறவனும் எண்ணிக்கொண்டே வேலை செய்வது போல, அவர் ராகம் போட்டு எண்ண ஆரம்பித்தார். ஒற்றை எண் வந்தால் இழுப்பு, இரட்டை எண் வந்தால் அமுக்கு. பதினொன்று எண்ணுவதற்குள் தண்ணீர் குழாயின் வளைவைத் தாண்டிப் போத்தலுக்குள் சளசளவென்று விழுந்தது. அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். நானும் இழுப்பதை நிறுத்திவிட்டேன். அது நிற்கவில்லை.

"ஆத்தாடி! தானா வருதுல்ல!"

ரசத்தை எடுத்தது பாஸ்குக்கு முந்தின பெரிய புதன்கிழமை மத்தியானம். சாமியார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் போத்தல் நிரம்பியது. இரண்டாவதும் நிரம்பியது. தேன் நிறம், ஒரு தூசி இல்லை. மூன்றாவதற்குக் கார்க்கை மாற்றி எண்ண ஆரம்பித்தோம். எட்டிலோ ஒன்பதிலோ குசினிக்காரர் முதல் இரண்டு போத்தலின் அழகைத் திரும்பிப் பார்த்தார். விரல் தளர்ந்தது. நான் தள்ளிய தள்ளில் காற்று முழுவதும் போத்தல் வழியாக ஜாடிக்குள் பாய்ந்து, குழாய் நுனியில் குபுகுபுவென்று குமிழி விட்டது. அடியில் கிடந்த மண்டி புகை மாதிரி எழும்பி மேலே வந்தது.

ஜாடி முழுக்கச் சேறு.

"மறுபடி படியுமா?" என்றார் சாமியார்.

"படியும் சாமி. நாலு நாள் ஆகும்."

"நாலு நாள்ல பாஸ்கு. முன்னன்னா நாலு நாள் தாங்கியிருக்கும். இப்ப இத்தனை காத்துப் பட்டிருக்கு. தாங்குமா?"

மேலே ஈ சுற்ற ஆரம்பித்துவிட்டது. வடிதாளில் ஊற்றிப் பார்த்தேன். சொட்டு... அப்புறம் ஒரு சொட்டு. ஒரு டம்ளர் வடிய ஒரு மணி நேரம். அதற்குள் காடியாகிவிடும். மேலேயிருந்து அது வடியக் காத்திருந்தால் ஆகாது, கீழேயிருந்து இழுக்க வேண்டும். கார்க்கின் ஒரு ஓட்டையில் புனலையும் மறு ஓட்டையில் பம்பையும் வைத்தேன். இரண்டே இழுப்பு. புனலின் நடுவில் தாள் பொத்துக்கொண்டு கலங்கல் அப்படியே உள்ளே இறங்கியது. அதைத் திருப்பி ஜாடியில் கொட்டினேன். தாளுக்கு அடியில் தாங்கல் வேண்டும். தட்டையாக, நிறையப் பொடி ஓட்டைகளோடு.

"அண்ணே, முறுக்குக் குழல் இருக்கா?"

"இந்த நேரத்துல முறுக்கா!"

"ஓமப்பொடி வில்லை இருக்கான்னு கேக்குறேன்!"

இருந்தது. பித்தளை. புளிப்பு பட்டால் களிம்பு ஏறுமே என்று நான் தயங்க, "போன மாசந்தான் ஈயம் பூசுனது" என்று முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினார். வெந்நீரில் கழுவி, புனலுக்குள் வில்லையைப் படுக்க வைத்து, அதைவிடச் சற்றுப் பெரிதாக இரண்டு தாளை வெட்டி அதன்மேல் வைத்து ஓரம் நனைத்து ஒட்டினேன். இந்த முறை சாமியார் நாற்காலியை விட்டு எழுந்தார். அங்கியின் கையை மடக்கிக்கொண்டு ரப்பர் குழாயை அவரே பிடித்தார்.

"நீ எண்ணு. பாக்காத" என்றார் குசினிக்காரரிடம்.

குசினிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். நான் இழுத்தேன். சாமியார் அமுக்கினார். புனலில் கிடந்த சேறு மேலே வெடித்த களிமண் மாதிரி இறுக இறுக, கீழே போத்தலுக்குள் நூல் மாதிரி இறங்கியது, தெளிவாக, தேன் நிறத்தில். என் தோள் கழன்றுவிடும் போல் வலித்தது. நிறுத்த மனமில்லை. ஐம்பது எண்ணிக்கைக்கு ஒரு தாள் அடைத்தது, மாற்றினோம். மூன்று, நான்கு, ஐந்து. வெயில் சாய்ந்து ஜன்னல் வழியே போத்தல்கள்மேல் விழுந்தபோது எட்டு இருந்தது.

சாமியார் ஒரு போத்தலைத் தூக்கி, அதற்குப் பின்னால் தம் பூசைப் புஸ்தகத்தைப் பிடித்தார். லத்தீன் எழுத்து கோணிக்கொண்டு தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. பிறகு வெள்ளிக் கரண்டியில் நாலு சொட்டு விட்டு நாக்கில் வைத்தார். நானும் குசினிக்காரரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"புளிக்கல" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் குசினிக்காரரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டேன். என்னைவிட இரண்டு மடங்கு கனம் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குப் போய்க் கோயில் வாசலுக்கு வெளியே நின்றேன். உள்ளே பாட்டும் சாம்பிராணிப் புகையும். எனக்கு எதுவும் விளங்கவில்லை. அவர் பாத்திரத்தை உயர்த்தியதும் மணி அடித்தது, ஜனங்களெல்லாம் தலை குனிந்தார்கள். நான் மட்டும் குனியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் அதைக் குடித்தார். திரும்பியபோது முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்த, வெள்ளாமை பண்ணுகிற சம்சாரி ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். அவர் மகன் என் வகுப்பில் படித்தான்.

"என்ன வாத்தியாரே, இங்கிட்டு? வேதத்துல சேந்துட்டீங்களா?"

"இல்லீங்க, ஒரு வேலையா வந்தேன்."

"கோயில்ல என்ன வேலை?"

எனக்கு அடக்க முடியவில்லை. கெடுத்த ஜாடியிலிருந்து வில்லை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன், கையால் இழுத்தும் தள்ளியும் காட்டி. வெயிலில் குடையைப் பிடித்தபடி அவர் முழுவதையும் கேட்டார். பம்பும் தோலும் அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

"அப்ப ரசம் இல்லாமப் பூசை நின்னுபோற மாதிரி இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"நாளைக்குப் பூசை இருக்குல்ல?"

"இருக்குங்க. எட்டுப் போத்தல் இருக்கு. ஐப்பசி மழை வரைக்கும் தெனமும் இருக்கு" என்றேன்.

அவர் குடையை என் பக்கமும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். "அந்தத் தோலைத் திருப்பிப் போட்டதுன்னீங்களே, அதை மட்டும் இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார்.